‘சரி’ என்று சொல்வதற்கு முன்னால்

ஐந்தாம் தேதி, ஞாயிறு மதியம்

என் வாயாடி மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம், மனசைப் பற்றிப் போகப் போக எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்ப ஆசைதான், ஆனால் வெள்ளிக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டதிலிருந்து அந்த நம்பிக்கை போய்விட்டது. போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ “சரிம்மா, சரிம்மா” என்கிறாய், புரிந்து சொல்கிறாயா, அம்மா போனை வைத்தால் போதும் என்று சொல்கிறாயா என்று எனக்குத் தெரிவதில்லை. காகிதத்துக்கு யாரும் சரிம்மா சொல்ல முடியாது, முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும். எழுதி முடித்ததும் உன் அப்பா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவார், நடுவில் அவருடைய கட்டைவிரல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டு விஷயம். உன் அப்பாவுக்கு இடது காது இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை. முப்பது வருஷம் பஸ் டிப்போவில் என்ஜின் பக்கத்தில் நின்ற காது, அது வேறு எப்படி இருக்கும். கருவி வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் எனக்கென்ன வயசாகிவிட்டது என்கிறார். கேட்காமல் போனால்கூடப் பரவாயில்லை, கேட்டது போலத் தலையாட்டுகிறார், அதுதான் வம்பு. செவ்வாய்க்கிழமை சமையலறைக் குழாய் ஒழுகுகிறதென்று பிளம்பரை வரச் சொல்லியிருந்தோம், அவன் மாடிப்படிக்கு அடியில் நின்று ஏதோ கேட்டிருக்கிறான், இவரும் பெரிய நீதிபதி மாதிரி தலையை ஆட்டி அனுப்பிவைத்திருக்கிறார். அவன் கேட்டது, கட்டடம் முழுவதுக்கும் போகும் வால்வை மூடிவிட்டுப் போகட்டுமா, மிச்ச வேலையை நாளைக்குப் பார்க்கலாமா என்று. நான் சாயந்திரம் வேலை விட்டு வந்தால் வாசலில் நான்கு வீட்டுக்காரர்களும் வாளியோடு நிற்கிறார்கள், மேல்வீட்டுப் பல் டாக்டர் தலையெல்லாம் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, உன் ஞாபகம்தான் வந்தது. புரியாததற்குத் தலையாட்டுவது நம் வீட்டுப் பரம்பரைச் சொத்தாக இருக்கும்போலிருக்கிறது.

இனி உன் விஷயம். நீ அழுதுகொண்டே துண்டு துண்டாகச் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க அப்படியே திருப்பி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், கடைசி அறையில் இருக்கும் பெரியவருக்குப் புதிதாக ஒரு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு நீ உள்ளே நுழைகிறாய், வேலை முடிந்து கிளம்பும் நர்ஸ் கோட்டை மாட்டிக்கொண்டே உன்னிடம் பொறுப்பை ஒப்படைக்கிறாள். மாத்திரையால் அவருக்குத் தலை சுற்றும், தனியாக எழுந்திருக்க விடாதே, காலை வைத்தால் மணியடிக்கும் பாயைக் கட்டிலடியில் போட்டு வை என்று கடகடவென்று இங்கிலீஷில் சொல்கிறாள். உனக்கு மாத்திரை என்கிற வரைக்கும்தான் புரிந்தது. புரிந்ததா என்று அவள் கேட்டபோது நீ சிரித்த முகமாக யெஸ், யெஸ் என்றாய். ஏழு மணிக்குப் பெரியவர் ஜன்னல் திரையை விலக்க எழுந்து விழுந்துவிட்டார். இருபத்து நான்காம் தேதி விசாரணை. அதுவரை உன்னை அங்கேயே சலவை அறைக்கு மாற்றிவிட்டார்கள். நர்ஸ், நான் சொன்னேன் என்கிறாள். உன்னோடு அறையில் தங்கியிருக்கிறாளே அந்தத் தோழி, இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுகிறவள், “நீ வாயே திறக்காதே, உனக்காக நான் பேசறேன், நர்ஸ் உன்கிட்ட ஒண்ணுமே சொல்லலைன்னு சொல்லிடலாம், யார் பார்த்தா” என்கிறாள். இவ்வளவுதானே.

போன ஞாயிறு இதைக் கேட்டதும் நான் பதறிவிட்டேன். அந்தப் பதற்றத்தில் நானும், “அவ சொல்றபடியே பண்ணு, சொல்லவே இல்லைன்னு ஒரே பிடியா நில்லு” என்று சொல்லிவிட்டேன். அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அது மட்டுமில்லை, உன்னை விமானம் ஏற்ற வந்த அன்று உன் காதோடு நான் சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். “யார் என்ன கேட்டாலும் சிரிச்ச முகமா சரின்னு சொல்லிடு, எதிர்த்து ஒரு கேள்வி கேட்காதே, போன இடத்துல நல்ல பேர் எடு” என்று சொன்னேன். நீயும் அதைத்தான் செய்தாய். நீ சொன்ன அந்த யெஸ்ஸில் பாதி என்னுடையது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு யார் மூலமாவது தெரிந்து கோபப்படாதே. உன் அப்பா இருபத்து மூன்றாம் தேதிக்கு உனக்கு டிக்கெட் போட்டுவிட்டார். “பொண்ணு குற்றவாளி மாதிரி யார் முன்னாலயும் போய் உட்கார வேண்டாம், வீட்டுக்கு வரட்டும், இருக்கிறதைச் சேர்ந்து சாப்பிடலாம்” என்று கண் கலங்கிப் பேசினார். வியாழக்கிழமை நான் அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். உன்னையும் கேட்கவில்லை, அவரையும் கேட்கவில்லை, தப்புதான். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை, டீ வேண்டுமா என்றால் சுவரைப் பார்த்துப் பதில் சொல்கிறார். ஏங்க, போட்டோ எடுக்கிற சாக்கில் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், நன்றாகப் படியுங்கள், பின்னால் உங்களுக்கும் தெரியாத ஒன்று வருகிறது. மகளே, நீ வேண்டுமென்று சொன்னால் இருபத்தைந்தாம் தேதிக்கு நானே டிக்கெட் போட்டுத் தருகிறேன், இருபத்து மூன்றுக்கு மட்டும் போடமாட்டேன். அந்த அறைக்குள் நீ போக வேண்டும், உன் வாயால் நடந்ததைச் சொல்ல வேண்டும், உன் தோழி வாயால் அல்ல. அவள் கெட்டவள் என்று நான் சொல்லவில்லை, உன்மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறாள். ஆனால் அந்த நர்ஸ் உனக்காகத் தினமும் ஒரு கோப்பை டீயை மூடி வைத்துவிட்டுப் போவாள் என்று நீதானே முன்பு சொன்னாய். அவள் தலையில் இதைக் கட்டிவிட்டு நீ எந்த முகத்தோடு அந்த டீயைக் குடிப்பாய்.

நீயே பேசு என்று வெள்ளிக்கிழமை நான் சொன்னதும் நீ சீறினாய். “இருபத்தொரு நாள்ல இங்கிலீஷ் வந்துடுமாம்மா, எனக்குத் தூங்கவே நேரமில்லை” என்றாய். நியாயம்தான். ஆறிலிருந்து இரண்டு வரை சலவை அறை, நாலிலிருந்து எட்டு வரை அந்த ஆபீஸ் துடைக்கிற வேலை, நடுவில் இரண்டு பஸ். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், இங்கே இருந்தவரை உன் வாயை மூட வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமா, அங்கே இறங்கியதும் அதை எங்கே வைத்துத் தொலைத்தாய் என்று எனக்கும் ஆற்றாமை. நீ முதலில் அழுத ஞாயிறு சாயந்திரமே, உன் அப்பாவின் பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது, எப்படி இங்கிலீஷ் கற்றுக்கொண்டார் என்று மருந்துக்கடைக்காரரிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன், அவர் கடை கடையாக சைக்கிளில் சரக்கு போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது யாரிடமும் இங்கிலீஷில் தயங்காமல் பேசுகிறார். “நேரத்தைத் தேடாதீங்கம்மா, கிடைக்காது. கை வேலை செய்யறப்ப வாய் சும்மாதானே இருக்கு, அதுக்கு வேலை கொடுங்க” என்றார். எனக்கு இது பிடித்திருந்தது. ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால் நானே செய்து பார்ப்போம் என்று மறுநாள் திங்கட்கிழமையே ஆரம்பித்தேன். எங்கள் தையல் கம்பெனியில் செக்கிங் மேசையில் ஒவ்வொரு சட்டையாக எடுத்து, காலர் குட், பட்டன் குட், திஸ் த்ரெட் ஈஸ் லூஸ் என்று முணுமுணுத்தேன். பக்கத்து மேசைக்காரி ஒருநாள் முழுக்க என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, சூப்பர்வைசரைச் சபிக்கிறேன் என்று நினைத்து, “எனக்காகவும் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கக்கா” என்றாள். வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு நான் பேசியதைப் பார்த்து உன் அப்பா, அப்போது என்னோடு பேசிக்கொண்டிருந்த அப்பா, “யார்கிட்ட பேசற” என்றார். வெங்காயத்துகிட்ட என்றேன். “நல்லது, அதுவாவது உன்னைத் திருப்பி எதுவும் கேட்காது” என்றார்.

நீயும் அதையே செய், சலவை அறையில் மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஐ ஆம் ஃபோல்டிங் தி ஷீட், திஸ் டவல் ஈஸ் வெட் என்று கை செய்வதை வாயும் சொல்லட்டும். முதல் இரண்டு நாள் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், மூன்றாம் நாள் எனக்கே வார்த்தைக்கு வார்த்தை தமிழில் யோசித்துத் திருப்புவது கொஞ்சம் குறைந்தது. நோட்டுப் புத்தகத்தில் மட்டும் எழுதாதே, உன்னை எனக்குத் தெரியும், ஓரத்தில் பூ வரைந்து தலைப்புக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு அழகு பார்ப்பாய், வாய் திறக்க மாட்டாய். பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனைக் காதில் வைத்துக்கொள், யாரோடோ பேசுவதுபோல அன்று காலை நடந்ததை இரண்டே நிமிஷம் சொல்லிப் பதிவு பண்ணு. ஐ கேம் அட் சிக்ஸ், அங்கிருந்து ஆரம்பி. தப்பும் தவறுமாக வரட்டும், அழித்துவிடாதே, மறுநாள் கேட்டுவிட்டு மறுபடி சொல். என்னுடையதைப் பதிவு பண்ணிக் கேட்டேன், குழாயடிச் சண்டை மாதிரி இருந்தது, ஆனாலும் மூன்றாவது தடவை சண்டையில் கொஞ்சம் மரியாதை வந்திருந்தது. விசாரணையில் என்ன கேட்பார்களோ என்று ஆயிரம் வாக்கியம் படிக்காதே, உனக்கு வேண்டியது ஏழெட்டு. அவள் சொன்னாள், எனக்குப் பாதிகூடப் புரியவில்லை, கேட்க வெட்கப்பட்டேன், யெஸ் என்று சொன்னேன், அது என் தப்பு. இதற்கு எந்தக் காலேஜும் போக வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று எங்கள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் செய்வது. துணி அறுபது மடிப்பு அடுக்கியிருக்கும், ஒரு தடவை கத்தி இறங்கினால் அறுபது சட்டை. அதனால் அளவு சொன்னவுடன் அவர் சரி என்று சொல்லவே மாட்டார், அந்த அளவை அப்படியே திருப்பிச் சொல்லுவார், சொன்னவர் ஆமாம் என்ற பிறகுதான் மெஷினைத் தொடுவார். இத்தனை வருஷ அனுபவத்தில் இன்னும் திருப்பிச் சொல்கிறார், யாரும் அவரை மக்கு என்று நினைத்ததில்லை. நீ தினமும் ஒரே ஒருவரிடமாவது அப்படிச் செய், சலவை அறைப் பொறுப்பாளர் இதை அங்கே கொண்டுபோய் வை என்றால் உடனே ஓடாதே, ஸோ யூ வான்ட் மீ டு டேக் திஸ் தேர் என்று திருப்பிச் சொல், புரியவில்லை என்றால் ப்ளீஸ் ஸே அகெய்ன் என்று கேள். முகத்தைச் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும், முகம் அவர்களுடையது.

இப்போது உன் அப்பாவுக்கும் தெரியாதது. ஆறு வருஷத்துக்கு முன்னால், நீ படிப்பில் சேர்ந்த சமயம், எங்கள் கம்பெனியில் சட்டை வாங்குகிறவர்கள் சார்பில் வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மாள் சோதனைக்கு வந்தார். குழந்தைகள் சட்டை என்றால் பெட்டியில் அடைப்பதற்கு முன் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினில் ஓட்டியே ஆகவேண்டும், உடைந்த ஊசிமுனை ஏதாவது துணிக்குள் தங்கியிருக்கிறதா என்று அது காட்டும். அன்று அந்த மெஷின் மூன்று மணி நேரம் பழுது. அந்த அம்மாள் என் மேசைக்கு அருகிலிருந்த பெட்டிகளைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. யெஸ் மேடம், யெஸ் மேடம் என்று சிரித்தேன். அவர் முதுகில் தட்டிக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார், அந்தப் பெட்டிகள் மெஷினில் ஓடாமலே போய்விட்டன. இரண்டு மாதம் கழித்து ஒரு சட்டையின் காலரில் ஊசிமுனை இருந்ததாகப் புகார் வந்தது, நல்லவேளை அந்தக் குழந்தையின் அம்மா இஸ்திரி போடும்போதே பார்த்துவிட்டாளாம். மெஷினில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெட்டிகள் என்னிடம் வரவே இல்லை என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஓட்டியாயிற்று என்று சோதனை அம்மாளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்களே என்றார்கள். அந்த யாரோ நான்தான். அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள், நான் சாப்பாட்டு மணி அடித்ததும் போய்ச் சாப்பிட்டேன். அவளைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் கடந்துபோவேன், ஆறு வருஷமாக.

நேற்று அவள் வேலை செய்யும் செருப்புக் கடைக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை வெளியே நின்றேன், உள்ளே போய் முழுவதையும் சொன்னேன். அவள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, “தெரியும்க்கா. நீங்க தலையாட்டினதை நான் மெஷின்கிட்ட இருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன்” என்றாள். பிறகு அவள் கேட்டாள், “இங்கிலீஷ் வரலைன்னா என்னக்கா, புரியலைன்னு தமிழ்லயே சொல்லியிருக்கலாமே. அந்தம்மா வேற யாரையாவது கூப்பிட்டுக் கேட்டிருப்பாங்க.” ஒரு வாடிக்கையாளர் வந்தார், அவள் போய்விட்டாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாளைக் காலை மேனேஜரிடம் இதைச் சொல்லப் போகிறேன், எழுதியும் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு அந்த மேசை இருக்குமா என்று தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது, உனக்கு மட்டும் தைரியம் சொல்லிவிட்டு நான் முந்தானையில் முகத்தை மூடிக்கொள்ளக் கூடாதல்லவா. உனக்கு இங்கிலீஷ் வர வேண்டும், வரும், ஆனால் இருபத்து நான்காம் தேதிக்குள் முழுசாக வந்தாலும் வராவிட்டாலும் உண்மை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று எனக்கு அந்தச் செருப்புக் கடையில்தான் உறைத்தது.

இதையெல்லாம் எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். அப்போது ஒன்று தோன்றி அப்படியே நின்றுவிட்டேன். ஒரு வாரத்தில் நாம் மூன்று தடவை பேசினோம். உன் வேலையைப் பேசினோம், விசாவைப் பேசினோம், நர்ஸைப் பேசினோம், அத்தை காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றிக்கூடப் பேசினோம். அந்தப் பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று நீ சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. கை உடைந்ததா, இடுப்பா, திரும்பி வந்துவிட்டாரா, பார்க்க யாராவது வருகிறார்களா, எனக்கு எதுவுமே தெரியாது. என்னை நினைத்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவர் திரும்பி வந்திருந்தால், அவரைப் பார்க்கலாமா என்று பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு, நாளைக்கு வேலை முடிந்ததும் அவர் அறைக்குப் போ. விசாரணையில் சொல்லிக்கொள்வதற்காகப் போகாதே, அதை அங்கே யாரிடமும் சொல்லவும் செய்யாதே. கட்டிலுக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார், உன் முதல் இங்கிலீஷ் வாக்கியத்தை அவரிடம் பேசு. வலிக்கிறதா என்று கேள், நான்தான் அன்று காலை வேலையில் இருந்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, பஸ்ஸில் தூங்கி இறங்குமிடத்தைத் தாண்டிப் போய்விடாதே. நீ ஜெயித்து வந்தாலும் வேலையை இழந்து வந்தாலும் இந்த வீட்டில் உன் இடம் உன் இடம்தான். எதற்கும் குனியாமல், எவர் வயிற்றிலும் அடிக்காமல், நல்லபடியாக இரு என்று மனசார வாழ்த்துகிறேன், அப்பாவின் ஆசீர்வாதமும் அதில் சேர்த்தி, அவர் இன்னும் வாய் திறக்காவிட்டாலும்.

மறக்காதே, பெரியவர் பதில் சொல்லும்போது தலையாட்டாதே. புரியவில்லை என்றால் இன்னொரு தடவை கேள், எத்தனை தடவையானாலும் கேள். உனக்கு ஏழெட்டு வாக்கியம் போதும். விழுந்தது அவர், அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

இப்படிக்கு,
உன்னோடு சேர்ந்து பேசக் கற்றுக்கொண்டிருக்கும்
அம்மா